மேய்ப்பர்களே, பகைவனுக்காகவும் ஜெபியுங்கள்

அன்பான சபைப் போதகர்களுக்கு, கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம்.

"உங்கள் சத்துருக்கள் வெட்கப்பட்டுப்போவார்கள்" என்று நீங்கள் பிரசங்கிக்கும்போது சபை ஒரே குரலில் ஆமென் சொல்கிறது. அந்த நேரத்தில் ஒவ்வொருவர் மனதிலும் ஒரு முகம் வந்து நிற்கிறது. பதவி உயர்வைத் தடுத்த அதிகாரி, சொத்தைப் பிடுங்கிக்கொண்ட அண்ணன், அவதூறு பரப்பிய தோழி. சத்துரு என்றால் பிசாசுதான் என்று பிறகு விளக்குகிறீர்கள். அதற்குள் அந்த ஆமென் போக வேண்டிய முகத்துக்குப் போய்விடுகிறது.

சங்கீதக்காரனும் அப்படித்தானே ஜெபித்தான் என்பீர்கள். உண்மைதான். 109-ஆம் சங்கீதத்தின் சாபங்கள் அடிபட்டவனின் கதறல். அதைத் தேவனிடம் கொட்ட அவனுக்கு உரிமை உண்டு. ஆனால் "உங்கள் சத்துருக்களைச் சிநேகியுங்கள்" என்று மலைமேல் உட்கார்ந்து போதித்தவரின் பெயரைத் தரித்திருக்கும் சபை, அந்தக் கதறலிலேயே தங்கிவிடக் கூடாது.

இது சாத்தியமா என்று விசுவாசிகள் கேட்கிறார்கள். மனதில் பாசம் பொங்க வேண்டும் என்று அவர்கள் நினைத்துக்கொள்வதே காரணம். யாத்திராகமம் 23-ஆம் அதிகாரத்தை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். உன்னைப் பகைக்கிறவனின் கழுதை சுமையோடு விழுந்து கிடந்தால் விட்டுப் போகாதே, அவனுக்கு உதவி செய் என்கிறது. அங்கே பாசத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. பேச்சுவார்த்தை நின்றுபோன இரண்டு பேர் ஒரே சுமையில் கைவைத்துத் தூக்க வேண்டும், அவ்வளவுதான். பசித்த பகைவனுக்குச் சோறு போடு என்று பவுல் ரோமருக்கு எழுதியதும் இதே வகை. மனம் ஒத்துழைக்கும்வரை கை காத்திருக்க வேண்டியதில்லை.

நெதர்லாந்தில் ஆஸ்பெரன் என்ற ஊரில் டிர்க் வில்லெம்ஸ் என்பவர் தம் விசுவாசத்துக்காகச் சிறைவைக்கப்பட்டார். துணிகளை முடிச்சுப்போட்டுக் கயிறாக்கி இறங்கித் தப்பியவர், உறைந்த நீர்ப்பரப்பின்மேல் ஓடினார். துரத்தி வந்த காவலன் பனிக்கட்டி உடைந்து உள்ளே விழுந்தான். டிர்க் திரும்பி வந்து அவனைக் கரையேற்றினார். காப்பாற்றப்பட்டவன் அவரை விட்டுவிடவே விரும்பினான். கரையில் நின்ற நகரத் தலைவர் விடவில்லை. 1569 மே மாதம் டிர்க் உயிரோடு எரிக்கப்பட்டார். அவருக்கு அந்தச் செயலால் உலகத்தில் எந்தப் பலனும் கிடைக்கவில்லை. இதை மறைக்காமல் சொல்லுங்கள். பகைவனை நேசித்தால் அவன் திருந்திவிடுவான், நமக்கும் ஆசீர்வாதம் வரும் என்று ஆண்டவர் பேரம் பேசவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. அடிக்கும் கணவனிடமே திரும்பிப் போ என்று ஒரு பெண்ணை அனுப்பவும், பிள்ளைகளைச் சீரழித்தவனைப் பற்றிப் புகார் கொடுக்க விடாமல் தடுக்கவும் சத்துருக்களைச் சிநேகியுங்கள் என்ற வசனத்தை எடுக்காதீர்கள். 1999 ஜனவரியில் ஒடிசாவில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய இரண்டு மகன்களையும் வண்டிக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். அவருடைய மனைவி கிளாடிஸ் கொன்றவர்களை மன்னித்தார். தொழுநோயாளர்களுக்கான பணியைத் தொடர்ந்தார். வழக்கும் நடந்தது, 2003-இல் தீர்ப்பும் வந்தது. அவருடைய மன்னிப்பு நீதிமன்றத்தின் கதவை அடைக்கவில்லை. தீமை செய்கிறவனைத் தடுத்து நிறுத்துவதும் அவனுக்குச் செய்யும் நன்மைதான்.

ஆகவே உங்களிடம் ஒரு விண்ணப்பம். ஞாயிறு ஆராதனையில் நோயாளிகளுக்காகவும் பயணப்படுகிறவர்களுக்காகவும் ஜெபிக்கிறீர்கள். அதோடு, எங்களைத் துன்பப்படுத்துகிறவர்களுக்காகவும் ஜெபியுங்கள். அவர்களுடைய பிள்ளைகளின் சுகத்துக்காக, அவர்கள் வீட்டுச் சமாதானத்துக்காக. பிறகு சற்று நேரம் மௌனமாயிருங்கள். அவரவர் பகைவனின் பெயரை மனதுக்குள் சொல்லட்டும். முதல் வாரம் ஆமென் சத்தம் குறைவாகவே வரும். அதற்காக அடுத்த வாரம் அந்த ஜெபத்தை விட்டுவிடாதீர்கள்.

கிறிஸ்துவுக்குள்,
சபை விசுவாசி ஒருவர்