குச்சி ஐஸ் குடும்பங்களின் கதையையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் கோடைச் சிறப்பிதழில் ஐஸ்கிரீம் வரலாறு பற்றிய கட்டுரையைப் படித்தேன். அகமதாபாத்தில் 1907-ல் சோடாக் கடையாகத் தொடங்கிய வாடிலால், ராயபுரத்தில் 1970-ல் 13,000 ரூபாய் முதலீட்டில் குச்சி ஐஸ் செய்யத் தொடங்கிய அருண் ஆகிய இரு நிறுவனங்களின் வளர்ச்சியையும் கட்டுரையாளர் நன்றாகவே சொல்லியிருக்கிறார். ஆனால் வளர்ந்தவர்களின் கதையை மட்டும் சொன்னால் அது பாதி வரலாறுதான். அதே காலத்தில் ஊருக்கு ஒன்று இரண்டு என்று இருந்து, ஊர் எல்லையைத் தாண்டாமலே நின்றுபோன குடும்ப ஐஸ் கம்பெனிகளைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அப்படி ஒரு குடும்பத்தில் பிறந்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் தாத்தா தொடங்கியதை அப்பாவும் சித்தப்பாவும் நடத்தினார்கள். வீட்டை ஒட்டிய ஓட்டுக் கொட்டகையில் உப்புத் தண்ணீர்த் தொட்டி இருந்தது. உப்பு கரைத்த தண்ணீர் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே போனாலும் உறையாது. அதில் அச்சுகளை இறக்கினால் உள்ளே ஊற்றிய பாலும் சர்க்கரைத் தண்ணீரும் இறுகிவிடும். பிறகு அச்சைச் சாதாரணத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கினால் ஐஸ் குச்சியோடு கழன்று வரும். இவ்வளவுதான் தொழில்நுட்பம். ஆனால் அச்சில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் போதும், தொட்டித் தண்ணீர் உள்ளே புகுந்து ஐஸ் கரிக்கும். வாங்கிய குழந்தை அழுதுகொண்டு திரும்பி வரும். அதனால் விடியற்காலையில் அம்மா ஒவ்வொரு அச்சையும் விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். ஒளிக்கீற்று தெரிந்தால் அதை ஒதுக்கிப் பற்றவைக்க அனுப்பிவிடுவார். பாலைச் சுண்டக் காய்ச்சுவதும், சேமியாவைக் குழையாமல் வேகவைப்பதும், ஏலக்காய் தட்டிப்போடுவதும் சித்தியின் பொறுப்பு. பெயர்ப்பலகையில் இருந்தது தாத்தாவின் பெயர். ருசியைக் காப்பாற்றிய பெண்களின் பெயர் எந்த உரிமத்திலும் இல்லை, உங்கள் கட்டுரையிலும் இல்லை.

வண்டிக்காரர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலையில் கடனுக்குச் சரக்கு எடுத்துக்கொண்டு போய், மாலையில் கணக்கு முடிப்பார்கள். பங்குனி, சித்திரையில் வண்டி போதாது. ஐப்பசி, கார்த்திகையில் தொட்டியே ஓடாது; அப்போது தாத்தா முன்பணம் கொடுப்பார். கோடை வந்ததும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும். இதையெல்லாம் அவர் நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறார்.

இந்தக் கம்பெனிகள் ஏன் மறைந்தன? காலம் மாறியது, மக்களின் ருசி மாறியது என்று கட்டுரை ஒரே வரியில் கடந்துவிடுகிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. நம் நாட்டில் ஐஸ்கிரீம் தயாரிப்பு சிறுதொழிலுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. அந்த ஒதுக்கீட்டை 1997-ல் நீக்கினார்கள். அதன் பிறகு பெரிய கம்பெனிகளின் ஃப்ரீசர் பெட்டி எங்கள் ஊர்க் கடைகளுக்கும் வந்தது. பெட்டி இலவசம், ஆனால் அதற்குள் வேறு யாருடைய சரக்கையும் வைக்கக் கூடாது. ஒரு கடையில் இரண்டு பெட்டிக்கு ஏது இடம்? அப்பா செய்த கப் ஐஸ் நன்றாக இல்லை என்று எந்தக் கடைக்காரரும் சொன்னதில்லை. வைக்க இடமில்லை என்றுதான் சொன்னார்கள்.

பெரிய நிறுவனங்களால் நன்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. பாலை முறையாகச் சூடாக்கிப் பதப்படுத்துவதும், தொழிற்சாலையிலிருந்து கடை வரை குளிர் குறையாமல் கொண்டுவருவதும் அவர்களால்தான் பரவலாயின. சில சிறு கம்பெனிகளில் தண்ணீர் சுத்தமாக இல்லை என்ற புகாரிலும் உண்மை இருந்தது. ஆனால் இன்று பலர் ஐஸ்கிரீம் என்று நினைத்துச் சாப்பிடுவதில் ஒரு பகுதி ஐஸ்கிரீமே அல்ல என்பதையும் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு விதிப்படி, வெறுமனே ஐஸ்கிரீம் என்ற பெயரில் விற்பதில் குறைந்தது 10 சதவீதம் பால்கொழுப்பு இருக்க வேண்டும். தாவர எண்ணெய் சேர்த்தால் ஃப்ரோசன் டெசர்ட் என்று அச்சிட வேண்டும். அச்சிடத்தான் செய்கிறார்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு தேட வேண்டிய எழுத்தில்.

எனக்கு மிகவும் வலித்தது 2017-ல் நடந்ததுதான். ஜிஎஸ்டி வந்தபோது, சிறு உற்பத்தியாளர்கள் விற்றுமுதலில் ஒரு சிறு பங்கைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று காம்போசிஷன் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அதில் சேர முடியாது என்று பான் மசாலா, புகையிலைப் பொருள் தயாரிப்பவர்களை விலக்கி வைத்தார்கள். அந்தப் பட்டியலில் ஐஸ்கிரீம் தயாரிப்பவர்களையும் சேர்த்தார்கள். குழந்தைகளுக்குப் பால் ஐஸ் செய்து விற்ற மனிதருக்குப் புகையிலைக்காரரின் வரிசையில் இடம்! 18 சதவீத வரியையும், மாதக் கணக்குகளையும், ஆடிட்டர் செலவையும் தாங்க முடியாமல் அப்பா தொட்டியைப் பழைய இரும்பு விலைக்கு விற்றார். 2025 செப்டம்பர் 22 முதல் வரி 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. தாக்குப்பிடித்து இன்னமும் நடத்துகிறவர்களுக்கு அது உதவட்டும்.

ஆகவே ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் நிருபர்களை ஒவ்வொரு மாவட்டத்திலும் மிச்சமிருக்கும் ஐஸ் கம்பெனிக் குடும்பங்களிடம் அனுப்புங்கள். முதலாளிகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், அந்த வீட்டுப் பெண்களிடமும் பழைய வண்டிக்காரர்களிடமும் பேசச் சொல்லுங்கள். பலருக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது. அடுத்த கோடைச் சிறப்பிதழ் வரை தள்ளிப்போட வேண்டாம். தாத்தாவின் கணக்கு நோட்டுகளும் சில புகைப்படங்களும் எங்களிடம் பத்திரமாக இருக்கின்றன. நகல் எடுத்து அனுப்ப நான் தயார்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்.