உன் வயிற்றுவலி பற்றி

அன்புள்ள கலா,

உன் மெயில் பார்த்தேன். ஸ்கேன், எண்டோஸ்கோபி, ரத்தப் பரிசோதனை எல்லாமே நார்மல், "டென்ஷன்தாம்மா" என்று டாக்டர் அனுப்பிவிட்டார் என்று எழுதியிருந்தாய். எனக்குக் கோபம்தான் வந்தது. ரிப்போர்ட்டில் தெரியாவிட்டால் வலி இல்லை என்று ஆகிவிடுமா?

போன வருஷம் அந்தக் கல்யாணச் சாப்பாட்டுக்கு அப்புறம் வயிற்றுப்போக்கு வந்து படுத்தாயே, அதிலிருந்துதான் பாலும் சப்பாத்தியும் ஒத்துக்கொள்வதில்லை என்கிறாய். அதைப் படித்ததும் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு ஞாபகம் வந்தது, 2021-இல் நேச்சர் இதழில் வந்தது. எலிகளுக்குக் குடல் தொற்றை வரவழைத்து, அதே சமயத்தில் முட்டை வெள்ளைக்கருவின் புரதம் ஒன்றையும் கொடுத்திருக்கிறார்கள். தொற்று முழுசாகக் குணமான பிறகு அதே புரதத்தை மறுபடி கொடுத்தால் எலிகளுக்கு வலி. தொற்று வராமல் புரதம் மட்டும் சாப்பிட்ட எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கிருமியோடு மல்லுக்கட்டும்போது பக்கத்தில் இருந்த சாப்பாட்டையும் குடல் எதிரிக் கணக்கில் சேர்த்துவிடுகிறது. அந்த உணவுக்கு எதிரான ஐஜிஇ, அதாவது அலர்ஜியை உண்டாக்கும் எதிர்ப்புப் புரதம், குடல் சுவரில் மட்டுமே உருவாகிறது, ரத்தத்தில் தேடினால் கிடைக்காது.

அப்புறம் நடப்பதுதான் முக்கியம். குடல் சுவரில் மாஸ்ட் செல்கள் என்ற நோய் எதிர்ப்பு செல்கள் உண்டு, நரம்பு நுனிகளுக்குப் பக்கத்திலேயே இருப்பவை. அந்த உணவு பட்டதும் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைக் கொட்டுகின்றன. அது வலி நரம்பில் மிளகாய்க் காரத்தை உணர்கிற அதே ஏற்பியை உசுப்பிவிட, குடல் சாதாரணமாக விரிந்து சுருங்குவதே வலியாகிவிடுகிறது. அதே ஆய்வில், ஐபிஎஸ் (பரிசோதனையில் எதுவும் தெரியாமலே வயிற்றுவலியும் மலப்போக்கில் கோளாறும் நீடிக்கிற நோய்) உள்ள 12 பேரின் பெருங்குடல் கடைசிப் பகுதியில் பால், கோதுமை, சோயா, கோதுமைப் புரதமான குளூட்டன் ஆகியவற்றை ஊசியால் செலுத்திப் பார்த்தபோது 12 பேருக்குமே ஏதாவது ஒன்றுக்கு எதிர்வினை வந்தது, ஆரோக்கியமான 8 பேரில் 2 பேருக்குத்தான். சின்ன ஆய்வுதான், ஆனாலும் எனக்கு இது பெரிய விஷயம்.

நரம்பும் சும்மா கேட்டுக்கொண்டிருப்பதில்லை. நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் எலிகளிடம் பார்த்தது இது: சால்மோனெல்லா என்ற குடல் கிருமி நுழைந்ததும் நரம்புகள் நார்அட்ரினலின் என்ற ரசாயனச் செய்தியை விடுகின்றன, அதைக் கேட்டுக் குடலின் தசைப்பகுதியில் உள்ள மேக்ரோபேஜ்கள் என்ற நோய் எதிர்ப்பு செல்கள் குடலின் நரம்பு செல்கள் சாகாமல் காப்பாற்றுகின்றன. டென்ஷன் உன் வலியைக் கூட்டலாம்தான், மன அழுத்தத்தில் சுரப்பவை மாஸ்ட் செல்களையும் தூண்டும். அதற்காக வலி கற்பனை என்று யாராவது சொன்னால் நம்பாதே.

வேறு ஒரு குடல் நிபுணரைப் பார். வயிற்றுப்போக்குக்குப் பிறகுதான் ஆரம்பித்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடு. ஹிஸ்டமினைத் தடுக்கும் எபாஸ்டின் என்ற மருந்தை ஐபிஎஸ்ஸுக்குச் சோதித்திருக்கிறார்கள், சிலருக்குத்தான் கேட்கிறது, அதனால் மெடிக்கல் ஷாப்பில் நீயாக வாங்கிப் போடாதே. பயந்துகொண்டு ஒவ்வொரு சாப்பாடாக நிறுத்தவும் வேண்டாம், ஏற்கெனவே இளைத்துவிட்டாய்.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, உன்னைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். டாக்டர் என்ன சொன்னார் என்று உடனே எழுது.

அன்புடன்,
மீனா