மருத்துவப் பயண உதவிக் குழு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், வண்டி ஓட்டும் தொண்டர்களுக்கும், தொலைபேசிப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும், நம் வண்டியில் மருத்துவமனைக்குப் போய்வரும் உறுப்பினர்களுக்கும் என் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார் என்பதால் பணக் கணக்குக்குள் நான் போகவில்லை. வேலை எப்படி நடந்தது, எதை மாற்றினோம், இனி என்ன தேவை என்பதை மட்டும் சொல்கிறேன்.

இந்த ஆண்டு நாம் செய்த பெரிய மாற்றம், திரும்பி வரும் பயணத்தை முதலில் ஏற்பாடு செய்யத் தொடங்கியது. மருத்துவமனைக்குப் போக ஒரு நேரம் உண்டு. சீட்டிலேயே எழுதித் தந்துவிடுவார்கள். திரும்புவதற்கு அப்படி எதுவும் கிடையாது. டாக்டர் கூடுதலாக ஒரு ஸ்கேன் எழுதுவார், மருந்து வாங்கும் இடத்தில் வரிசை நீளும், பரிசோதனை முடிவு வர மதியம் தாண்டும். காலையில் தானாக நடந்து போனவர் மாலையில் கால் துவண்டு நிற்பார். கொண்டுபோய் விட ஆள் எப்படியாவது கிடைத்துவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் வேலைக்குப் போகும் வழியில் இறக்கிவிடுவார். சிகிச்சை முடிந்து தளர்ந்துபோய் இருக்கும் நேரத்தில்தான் யாரும் இருப்பதில்லை. ஆகவே இப்போது பதிவேட்டில் 'அழைத்து வருபவர்' என்ற கட்டம் நிரம்பாமல் எந்தப் பயணத்தையும் உறுதி செய்வதில்லை. திரும்பும் நேரத்தை முன்கூட்டியே குறித்துவைப்பதையும் விட்டுவிட்டோம். "முடிந்ததும் கூப்பிடுங்கள்" என்று சொல்லி, அந்த அழைப்புக்காக ஒரு வண்டியைக் கையில் வைத்திருக்கிறோம். ஓட்டுநர்களுக்கு இதில் காத்திருப்பு அதிகம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இதுதான் சரியான முறை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களை வைத்தே இதைப் பேச வேண்டும். நம் பதிவேட்டில் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் அவர்களுடையவை. பெரும்பாலும் வாரம் 3 முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம். முடிந்து எழும்போது ரத்த அழுத்தம் இறங்கியிருக்கலாம், தலை சுற்றலாம், கால் தசை இழுத்துப் பிடிக்கலாம். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுப்பதால் ஊசி குத்திய இடத்தில் வழியில் மறுபடி கசிவதும் உண்டு. அப்படிக் கசிந்தால் சுத்தமான துணியை வைத்து விரலால் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். நிற்கவில்லை என்றால் வண்டியை ஓரங்கட்டி அவசர உதவியைக் கூப்பிட வேண்டும். ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்த இடம், உள்ள கையைப் பிடித்துத் தூக்கக் கூடாது, அந்தக் கையில் பையை மாட்டக் கூடாது. சீட் பெல்ட் அந்தக் கையை அழுத்தாத பக்கமாகப் பார்த்து உட்காரவைக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த ஓட்டுநர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுகிறோம்.

இன்னொன்று. வாரம் 3 முறை என்றால் நடுவில் ஒரு தடவை மட்டும் முழுதாக 2 நாள் இடைவெளி விழும். அந்த இடைவெளியில் உடலில் நீரும் பொட்டாசியமும் கூடுதலாகச் சேர்ந்துவிடுகின்றன. பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். எனவே அந்த இடைவெளிக்கு அடுத்த நாள் பயணம் எந்தக் காரணத்துக்காகவும் தவறக் கூடாது. ஒரே நாளில் வண்டிக்குப் போட்டி வந்தால், தள்ளிவைக்கக்கூடிய மற்றப் பயணங்களைத் தள்ளிவைத்துவிட்டு இவர்களுக்கு முதலிடம் தருவது என்று செயற்குழு முடிவு செய்தது. சில உறுப்பினர்களுக்கு அதில் வருத்தம் இருந்தது. அவர்களிடம் நேரில் பேசினோம், புரிந்துகொண்டார்கள்.

கண் பரிசோதனைக்குப் போகிறவர்கள் பலரும் "எனக்குத் துணை எதற்கு?" என்று கேட்கிறார்கள். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து போட்டால் சில மணி நேரத்துக்குப் பக்கத்தில் உள்ளது மங்கலாகத் தெரியும், வெளிச்சம் கூசும். அந்த நிலையில் வண்டி ஓட்டுவதோ, தெரியாத இடத்தில் படி இறங்குவதோ ஆபத்து. குழாய் விட்டு வயிறு, குடலைப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி மாதிரி மயக்க மருந்து தந்து செய்யும் பரிசோதனை என்றால் கட்டுப்பாடு இன்னும் கூடுதல்: பொதுவாக 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, பொறுப்பான ஒருவர் கூட்டிப்போக வேண்டும். துணைக்கு ஆள் இல்லை என்றால் பரிசோதனையையே ரத்து செய்து அனுப்பிவிடும் மருத்துவமனைகள் உண்டு. வயிற்றைச் சுத்தம் செய்யும் மருந்தை முந்தைய இரவெல்லாம் குடித்துவிட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பினால் அது எவ்வளவு பெரிய கொடுமை! எனவே இந்தப் பயணங்களுக்கு ஓட்டுநரைத் தவிரத் துணையாக ஒருவர் உள்ளே வரை போகிறார்.

தொலைபேசியில் பதிவு செய்யும் முறையையும் திருத்தினோம். முன்பெல்லாம் "நடப்பீங்களா?" என்று கேட்போம், "நடப்பேன்" என்று பதில் வரும். பெரியவர்கள் யாரும் தன்னால் முடியாது என்று சட்டென்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அது அவர்களுடைய தன்மானம், அதை மதிக்க வேண்டும். இப்போது, "ஐயா, கடைசியா கார்ல ஏறினப்ப யார் பிடிச்சாங்க? வாசல்ல எத்தனை படி? ஒரு பக்கமாவது கைப்பிடி இருக்கா?" என்று கேட்கிறோம். உண்மை தானாக வந்துவிடுகிறது. முந்தைய நாள் மாலை இரண்டு அழைப்புகள் போகும். ஒன்று வீட்டுக்கு, இன்னொன்று மருத்துவமனைக்கு. தேதி மாற்றியதை நோயாளிக்குச் சொல்ல மறந்துவிடும் இடங்கள் இருக்கின்றன. அந்த இரண்டாவது அழைப்பு வீண் அலைச்சலைத் தடுக்கிறது.

சக்கர நாற்காலியிலிருந்து காருக்கு மாற்றும் பயிற்சி இந்த ஆண்டு நடந்ததில் எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி. நாற்காலியின் இரண்டு பிரேக்கையும் போட்டு, கால்தாங்கியை ஒதுக்கிவிட வேண்டும். பக்கவாதம் வந்தவரை அவருடைய பலமான பக்கம் காரை நோக்கி இருக்குமாறு நிறுத்த வேண்டும். முதலில் இடுப்பு இருக்கையில் அமர வேண்டும், தலை இடிக்காமல் ஒரு கை மேலே காவலாக இருக்க வேண்டும், அப்புறம்தான் கால்கள் ஒவ்வொன்றாக உள்ளே. அக்குளில் கைகொடுத்துத் தூக்கவே கூடாது. பலமிழந்த தோள் மூட்டு அதிலேயே விலகிவிடும். பயிற்சியில் ஓட்டுநர்களையே நாற்காலியில் உட்காரவைத்து மற்றவர்களை மாற்றச் சொன்னோம். அவசரமாக இழுத்தால் எப்படிப் பயமாக இருக்கும் என்று அன்றைக்கு எல்லோருக்கும் புரிந்தது.

ஆக்சிஜனோடு வருபவர்களுக்குக் கிளம்பும் முன்பே கணக்குப் போட்டுவிடுகிறோம். உருளையில் 400 லிட்டர் இருந்து, நிமிடத்துக்கு 2 லிட்டர் போனால் 200 நிமிடம்தான் வரும். போக, காத்திருக்க, திரும்ப என்று கூட்டி, நெரிசலுக்கும் சேர்த்துப் பார்த்தால் அது பல நேரம் போதாது. உருளை உருளாமல் கட்டியிருக்க வேண்டும், வண்டிக்குள் யாரும் புகைக்கக் கூடாது. கீமோதெரபி எடுப்பவர்களை ஏற்றும் வண்டியில் வாசனைத் திரவியம் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். சாதாரண வாசனைகூட அவர்களுக்குக் குமட்டலைக் கிளப்பும். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும் நேரம் என்பதால் இருமல், காய்ச்சல் உள்ளவரோடு சேர்த்து ஏற்றுவதில்லை. கதிர்வீச்சு சிகிச்சை பெரும்பாலும் வாரம் 5 நாள் எனச் சில வாரங்கள் தொடர்ந்து போகும். ஆனால் ஒவ்வொரு முறையும் சிகிச்சைக்குச் சில நிமிடமே ஆகும். அங்கே மட்டும் வண்டி வாசலிலேயே காத்திருக்கும்.

கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், முகம் ஒரு பக்கம் கோணுதல், கை தூக்க முடியாமை, பேச்சு குழறுதல், மயக்கம் இவற்றில் எது வந்தாலும் நம்மைக் கூப்பிடாதீர்கள். அவசர ஊர்தியைக் கூப்பிடுங்கள். நம் வண்டியில் ஓட்டுநர் மட்டும்தான் இருப்பார். அவசர ஊர்தியில் சிகிச்சை வழியிலேயே தொடங்கும், மருத்துவமனைக்கு முன்னறிவிப்பும் போகும். பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் தர வேண்டும். "ராத்திரியில் யாருக்குத் தொந்தரவு தருவது" என்று நம் வண்டி வரும்வரை யாரும் காத்திருக்க வேண்டாம்.

ஓட்டுநரிடம் நோயின் பெயரைச் சொல்வதில்லை. எங்கே, எப்போது, எப்படிப் பிடிக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறோம். எரிபொருள் செலவைத் தவிர ஓட்டுநர்கள் எதுவும் வாங்கக் கூடாது என்ற விதி தொடர்கிறது. கட்டணம் வாங்கினால் வாடகை வண்டிக் கணக்கில் போய், விபத்து நேர்ந்தால் காப்பீட்டில் சிக்கல் வரலாம்.

சங்கத்துக்கு இது அதிகப்படியான வேலை என்று ஒரு கருத்து வந்தது. நான் அதை ஏற்கவில்லை. அமெரிக்காவில் குறைந்த வருமானத்தினருக்கான மெடிக்கெய்டு காப்பீட்டில் மருத்துவமனைக்குப் போய்வரும் பயணமும் அடங்கும். இங்கிலாந்தில் உடல்நிலை காரணமாக வேறு வழியில் போக முடியாதவர்களுக்கு அரசு சுகாதார சேவையே வண்டி அனுப்புகிறது. பயணத்தைச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே அங்கெல்லாம் வைத்திருக்கிறார்கள். போக வழியில்லாமல் தவறிய சிகிச்சையும் கிடைக்காத சிகிச்சையும் நோயாளியின் உடம்புக்கு ஒன்றுதான்.

வரும் ஆண்டுக்கு மூன்று கோரிக்கைகள் வைக்கிறேன். பிற்பகலில் அழைத்து வருவதற்கென்றே தனி ஓட்டுநர்கள் வேண்டும். காலையில் போக ஆள் இருக்கிறார்கள், மாலையில்தான் பற்றாக்குறை. சக்கர நாற்காலியோடு ஏற்றக்கூடிய சாய்தளம் உள்ள வண்டி ஒன்றை வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ செயற்குழுவுக்கு அனுமதி தர வேண்டும். தொலைபேசிப் பொறுப்பை ஒரே ஆள் மீது ஏற்றாமல் சுழற்சி முறைக்கு மாற்ற வேண்டும். இதுவரை அதைத் தனியாகத் தாங்கிய உறுப்பினருக்கு இந்தப் பொதுக்குழு எழுந்து நின்று நன்றி சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, அறிக்கையை உங்கள் விவாதத்துக்கும் ஒப்புதலுக்கும் வைக்கிறேன்.

செயலாளர்