இரண்டு லட்சத்துப் பதினான்காயிரம்

மூனிக்,
அக்டோபர் 12

அன்புள்ள சிவசாமிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்ற சம்பிரதாயத்தை இந்த ஒரு வரியோடு முடித்துக்கொள்கிறேன். ஆகஸ்டில் நீ எழுதிய கடிதத்துக்கு இரண்டு மாதமாகப் பதில் போடாமல் இருந்ததற்கு என்னைத் திட்டித் தீர்த்திருப்பாய். அந்தத் திட்டில் பாதி நியாயமானது. மீதிப் பாதியை உன் மகன் கணக்கில் எழுதிக்கொள்.

"பையன் இருபது வருஷத்துப் பழைய ரேஸ் கார் ஒன்றை வாங்கப் போகிறேன் என்கிறான், இரண்டு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியதாம், நீ பக்கத்தில்தானே இருக்கிறாய், எப்படியாவது தடுத்துவிடு" என்று எழுதியிருந்தாய். நான் தடுக்கவில்லை. தடுக்காததோடு நில்லாமல், இரண்டு சனிக்கிழமைகள் அவனோடு போய்க் கார்களும் பார்த்துவிட்டு வந்தேன். இதை அவன் வாயால் கேட்பதற்கு முன்னால் என் கையெழுத்தில் நீ படித்துவிட வேண்டும் என்றுதான் இன்று உட்கார்ந்திருக்கிறேன். பொள்ளாச்சி ரோட்டு யெஸ்டி பைக் விவகாரத்தைப் போல இதையும் நாற்பது வருஷம் சொல்லிக் காட்டுவாய் என்பது தெரியும். இருந்தாலும் முழுக்கப் படித்துவிட்டு ஆரம்பி.

முதலில், அது ரேஸ் கார் அல்ல. பிஎம்டபிள்யூவின் எம்3, இ46 என்று அழைக்கப்படும் தலைமுறை. 2000 முதல் 2006 வரை கட்டினார்கள். என்னிடம் பதினாறு வருஷமாக இருப்பதும் அதே வண்டிதான். நீ இங்கே வந்திருந்தபோது பின் சீட்டில் கால் மடக்கி உட்கார்ந்துகொண்டு, "இதற்கு இவ்வளவு காசா?" என்று கேட்டாயே, அதேதான். வரிசையாக ஆறு சிலிண்டர், 3,246 சிசி, 343 குதிரைத்திறன். நிமிடத்துக்கு 8,000 சுற்றுவரை போகும். உன் பட்டறைக்கு வரும் பம்ப் மோட்டார் 2,880 சுற்றில் நாளெல்லாம் ஒரே சீராக ஓடுவதை நினைத்துக்கொண்டு இதைப் பார். 91 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம், உள்ள எஞ்சின் 8,000 சுற்றில் ஓடும்போது, பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 24 மீட்டர். அதுவும் ஒரே திசையில் அல்ல. நொடிக்கு 266 தடவை நின்று, திரும்பி, மறுபடி ஓட வேண்டும். அந்த உதை முழுவதையும் பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பெரிய முனையில், இரண்டு அரைவட்டத் தகடுகளாக இருக்கும் ஷெல் பேரிங்தான் வாங்கிக்கொள்கிறது. பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவில் தலைமுடியை விட மெல்லிய எண்ணெய்ப் படலம். அது இருக்கும்வரை உலோகத்தை உலோகம் தொடாது.

இந்த வண்டிகளுக்கு அந்த இடத்தில் ஒரு கெட்ட பெயர் உண்டு என்பதை உன்னிடம் மறைக்க மாட்டேன். 2001 முதல் 2003 வரை கட்டிய பல வண்டிகளைத் திரும்ப அழைத்து, ராடு பேரிங்குகளை நிறுவனமே தன் செலவில் மாற்றிக் கொடுத்தது. அதற்குப் பிறகு வந்தவற்றுக்கும், இத்தனை வயதான பின், முன்னெச்சரிக்கையாக ஒரு தடவை மாற்றிவிடுவது இங்கே வழக்கமாகிவிட்டது. உன் கடிதம் வந்த வாரத்தில் என் வண்டியே அதற்காகத்தான் லிஃப்டில் தொங்கிக்கொண்டிருந்தது. மீட்டரில் 1,98,000. வண்டியில் எந்தச் சத்தமும் இல்லை, எந்தக் குறையும் இல்லை. ஆனால் எண் இரண்டு லட்சத்தை நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் போய்விட்டது. சிக்னலில் நிற்கும்போது பக்கத்து லாரியின் டீசல் தட்டலைக் கேட்டு, என் எஞ்சின்தான் என்று நினைத்து ஜன்னலை இறக்கியிருக்கிறேன். "இதற்கு நீங்கள் ஒரு நாயை வளர்த்திருக்கலாம், அது நோய் வந்தால் சொல்லும்" என்றாள் வசந்தி.

எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தங்கும் சம்ப்பைக் கழற்றி, கீழேயிருந்தே ஒவ்வொரு ராடின் மூடியையும் அவிழ்த்து, ஆறு ஜோடி ஷெல்லையும் ஒரு துணியில் வரிசையாகப் பரப்பி வைத்துவிட்டு மெக்கானிக் என்னைக் கூப்பிட்டார். குழந்தையின் வளையலைப் பாதியாக உடைத்த அளவுதான் ஒவ்வொன்றும். ஐந்து ஜோடிகள் சாம்பல் நிறத்தில், கொஞ்சம் மெருகேறி, அவ்வளவுதான். ஆறாவதில் மேல் பாதியில் மட்டும், எரிப்பின் அடியை நேராக வாங்கும் அந்தப் பாதியில், நடுவில் ஒரு விரல் அகலத்துக்குச் செம்பு தெரிந்தது. நம் வீட்டுச் செப்புக் குடத்தில் ஈயம் தேய்ந்து செம்பு எட்டிப் பார்க்குமே, அதே நிறம், அதே பளபளப்பு. ஈயம் பூசுகிறவர் தெருவுக்கு வருவதற்கு முன்னால் உன் பாட்டி திருப்பித் திருப்பிப் பார்ப்பதைப் போல நானும் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன்.

அது யார் குற்றம் என்பதும் எனக்குத் தெரியும். வாங்கிய புதிதில் நான்கு வருஷம் இதில்தான் வேலைக்குப் போனேன். வீட்டிலிருந்து அலுவலகம் ஆறு கிலோமீட்டர். இந்த எஞ்சினுக்கு ஊற்றுவது 10டபிள்யூ-60 என்ற கெட்டி எண்ணெய். குளிரில் அது பாகு மாதிரி நிற்கும், நன்றாகச் சூடேறுவதற்குப் பதினைந்து இருபது நிமிடம் ஓட்டியாக வேண்டும். நான் அதற்குள் அலுவலகம் போய்ச் சேர்ந்துவிடுவேன். சுற்றுமானியில், சிவப்புக் கோட்டுக்கு முன்னால், சின்னச் சின்ன மஞ்சள் விளக்குகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். எண்ணெய் சூடேற ஏற அவை ஒவ்வொன்றாக அணைந்து, இனிமேல் இத்தனை சுற்றுவரை போகலாம் என்று அனுமதி கொடுக்கும். அந்த விளக்குகள் அணைவதற்குப் பொறுக்காமல் எத்தனை காலைகளில் மிதித்திருக்கிறேன் என்ற கணக்கு அந்த ஷெல்லில் எழுதியிருந்தது.

உனக்கு இதை நான் விளக்கவா வேண்டும்? பத்து வருஷம் தண்ணீரில் மூழ்கி ஓடிய சப்மெர்சிபிள் பம்ப் உன் பட்டறைக்கு வரும்போது பேரிங் நன்றாக இருக்கும். கிணறு வற்றியது தெரியாமல் கால் மணி நேரம் வெறுமனே ஓடியது கருகி வரும். எத்தனை மணி நேரம் ஓடியது என்று நீ எந்த விவசாயியிடமும் கேட்டதில்லை, தண்ணீர் இருந்ததா என்றுதான் கேட்பாய். கார் வாங்கும்போது மட்டும் நாம் எல்லோரும் அந்த ஒற்றை எண்ணையே முறைத்துப் பார்க்கிறோம்.

சரி, உன் மகன் கார்த்தி பார்த்த வண்டிகளுக்கு வருகிறேன். முதலாவது நூரம்பெர்க் பக்கத்தில் ஒரு விற்பனையாளரிடம் இருந்தது. பெயர் வேண்டாம். மீட்டரில் 92,000. வெள்ளி நிறம், நிலைக்கண்ணாடி மாதிரிப் பளபளப்பு, உள்ளே தோல் சீட்டில் ஒரு கீறல் இல்லை. உன் பிள்ளை அதைக் கண்டவுடன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கோயிலில் நிற்பதைப் போல நின்றான். காகிதங்களைக் கேட்டேன். 2011க்கும் 2018க்கும் நடுவில் ஒரே ஒரு எண்ணெய் ரசீது. ஏழு வருஷம் கொட்டகையில் நின்றிருக்கிறது. நின்ற வண்டி தேயாது என்று நினைப்பவர்கள் ரப்பரைத் தொட்டுப் பார்த்ததில்லை. குழாய்கள் விறைத்து, புஷ்கள் என்கிற ரப்பர் தாங்கிகள் வெடித்து, கூலன்ட் தொட்டியின் பிளாஸ்டிக் பிஸ்கட் மாதிரி ஆகியிருக்கும். போர்ஷே 911இன் 996 மாடலில் எஞ்சினுக்குள் இருக்கும் இன்டர்மீடியட் ஷாஃப்ட் என்ற தண்டின் பேரிங் பற்றி அமெரிக்காவில் வழக்கு நடந்து 2013இல் சமரசத்தில் முடிந்ததே, அந்தப் பேரிங்கைப் பற்றியும் அனுபவமுள்ள பட்டறைக்காரர்கள் இதையேதான் சொல்கிறார்கள்: அன்றாடம் ஓடும் வண்டியை விட, மூடி போட்டு நிறுத்திய வண்டியே அதிகம் பயமுறுத்தும்.

ஆனால் என்னைத் திருப்பி அனுப்பியது எண்ணெய் ரசீது அல்ல. லிஃப்டில் ஏற்றச் சொன்னேன். இந்தத் தலைமுறையில் பின் ஆக்சிலைத் தாங்கும் சட்டம், டிக்கிக்கு அடியில் உள்ள மெல்லிய தகட்டுத் தரையில் நான்கு இடங்களில் போல்ட்டில் தொங்குகிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் எஞ்சின் சக்தியைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் அந்தத் தகட்டை ஒரு பக்கமும் மறு பக்கமும் முறுக்குகிறது. ஒரு கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்போமே, அந்தக் கதைதான். வருஷக்கணக்கில் ஸ்பாட் வெல்டிங் விட்டுக்கொடுத்து விரிசல் விடும். எம்3 வாங்க வருகிற எவனும் முதலில் டார்ச் அடிப்பது அங்கேதான். இந்த வண்டியில் அடிப்பாகம் முழுக்க இருபது வருஷத்து அழுக்கு. அந்த நான்கு இடங்களில் மட்டும் கறுப்புப் பூச்சு புத்தம் புதிதாக, பிசுக்கென்று விரலில் ஒட்டியது. விற்பவரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். கார்த்திக்கு முகம் விழுந்துவிட்டது, திரும்பி வரும் வழியெல்லாம் பேசவில்லை. இருபத்தொன்பது வயதில் நாமும் அப்படித்தான் இருந்தோம், உனக்கு நினைவிருக்காது.

இரண்டாவது வண்டி ஸ்ட்ராபிங் பக்கத்தில் ஒரு கிராமம். ஓய்வு பெற்ற நில அளவையாளர். மீட்டரில் 2,14,000. நீலம், முன் பம்பர் முழுக்கக் கல்லடிப் புள்ளிகள், ஓட்டுநர் சீட்டின் இடது விளிம்பு தேய்ந்து நூல் தெரிகிறது. அவர் வேலை பார்த்தது ரேகன்ஸ்பர்க்கில். இந்த வண்டிகளை அசெம்பிள் செய்த ஊரே அதுதான் என்பதில் உன் மகனுக்கு ஒரு பரவசம், போகட்டும். வீட்டிலிருந்து 45 கிலோமீட்டர் ஆட்டோபானில் போய், 45 கிலோமீட்டர் வந்திருக்கிறார். ஆறாவது கியரில் 100 கிலோமீட்டர் வேகத்துக்கு எஞ்சின் சுமார் 2,400 சுற்றுதான் சுற்றும். சூடான எண்ணெயில், சீரான வேகத்தில், உன் பம்ப் மோட்டாரை விட மெதுவாக ஓடிய கிலோமீட்டர்கள் அவை. என் ஆறு கிலோமீட்டர் குளிர்காலக் காலை ஒன்றில் எஞ்சின் தேய்ந்த அளவுக்கு அவருடைய நூறு கிலோமீட்டரில் தேய்ந்திருக்காது என்று நான் சத்தியம் செய்வேன்.

தடித்த கோப்பு ஒன்றை மேசையில் வைத்தார். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு எண்ணெய் மாற்றம், ஒன்று கூடத் தவறவில்லை. ராடு பேரிங் 1,40,000த்தில் மாற்றியாகிவிட்டது. வால்வு இடைவெளியை அளந்து, அதைச் சரிசெய்யும் ஷிம் என்ற சின்னத் தகடுகளை மாற்றிய தாள்கள், ஒவ்வொரு வால்வுக்கும் எண் எழுதி. வேனோஸ் என்கிற வால்வு நேர அமைப்பில், எண்ணெய் பம்ப்பைச் சுற்றும் காதுகள் தேய்ந்து ஒடியும் என்பதால் அதையும் புதுப்பித்த ரசீது. பின் தரைக்கு அடியில் நான்கு இடங்களிலும் இரும்புத் தகடு வைத்து வெல்டு செய்திருந்தார்கள். அதை மறைக்க அல்ல, காட்டத்தான் புகைப்படம் எடுத்து வைத்திருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை இங்கே கட்டாயமான டியூவ் பரிசோதனையின் தாள்களில் அன்றைய மீட்டர் எண் அச்சாகியிருக்கும். அவற்றை நான் தேதி வரிசையில் அடுக்கிப் பார்த்தேன். எங்கேயும் எண் பின்னால் போகவில்லை. மீட்டரைத் திருத்துவது 2005 முதல் இங்கே தண்டனைக்குரிய குற்றம், ஆனாலும் திருத்துகிறவன் சட்டப் புத்தகம் படிப்பதில்லை.

சிவசாமி, விளையாட்டை விட்டுவிட்டு ஒன்று சொல்கிறேன். இந்த வண்டி அவனுக்குச் செலவே வைக்காது என்று நான் சொல்லவில்லை. இதற்கு ஒரு செட் பிரேக் டிஸ்க்கும் பேடும் வாங்கும் காசில் சாதாரணக் காருக்கு ஒரு வருஷச் செலவு முடிந்துவிடும். கிளட்ச், ஷாக் அப்சார்பர், ரேடியேட்டர், முன் புஷ்கள் என்று ஏதாவது ஒன்று ஒவ்வொரு வருஷமும் கை நீட்டும். வாங்கும் விலைக்கு மேல் நான்கில் ஒரு பங்கைத் தனியாக வங்கியில் போட்டு, அதைத் தொடாமல் ஒரு வருஷம் இருக்க முடிந்தால் மட்டும் வாங்கு என்று அவனிடம் சொன்னேன். வங்கிக் கணக்கைக் கைபேசியில் காட்டினான். உன் பிள்ளை நம்மைப் போல இல்லை. இங்கே பழைய சின்ன கார் ஒன்றை அன்றாடத்துக்கு வைத்துக்கொள்ளப் போகிறான், குளிர்காலத்தில் உப்புப் போட்ட சாலையில் இதை எடுப்பதில்லை என்றும் ஒத்துக்கொண்டான்.

அந்தப் பெரியவர் கேட்டது ஒரே கேள்விதான்: "உங்கள் வீட்டிலிருந்து வேலைக்கு எவ்வளவு தூரம்?" எட்டு கிலோமீட்டர் என்றான் கார்த்தி. "அப்படியானால் சைக்கிளில் போங்கள், இதை ஞாயிற்றுக்கிழமை எடுங்கள்" என்று சொல்லிவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார். கிராமத்துச் சாலையில் கார்த்தி ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து மஞ்சள் விளக்குகளை எண்ணிக்கொண்டு வந்தேன். கடைசி விளக்கு அணையும்வரை அவன் 3,000 சுற்றைத் தாண்டவில்லை. அணைந்த பிறகு என்ன செய்தான் என்று உனக்கு எழுத மாட்டேன்.

முன்பணம் கொடுத்தாயிற்று. மீதியைக் கொடுத்து, பதிவு முடிந்து, மாத இறுதியில் வண்டி வந்துவிடும்.

தேய்ந்த அந்த ஷெல்லைச் சின்ன டப்பாவில் போட்டு இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். உன் மைக்ரோமீட்டரில் வைத்து, நடுவிலும் இரண்டு ஓரங்களிலும் கனம் எவ்வளவு என்று அளந்து எழுது. இங்கே மெக்கானிக் சொன்ன எண்ணை உன்னிடம் சொல்ல மாட்டேன், ஒத்துப்போகிறதா பார்க்கலாம். மாத்திரையைத் தவறாமல் போடு. மல்லிகாவிடம் நான் கேட்டதாகச் சொல், ஆனால் காரைப் பற்றி இப்போதைக்கு வாய் திறக்காதே.

கார்த்தி ஞாயிற்றுக்கிழமை உன்னை அழைத்து, மெதுவாக விஷயத்தை ஆரம்பிப்பதாக இருக்கிறான். கொஞ்சம் கோபப்படு. பிறகு, எத்தனை கிலோமீட்டர் என்று மட்டும் கேட்காதே; எண்ணெய் எப்போது மாற்றினார்கள் என்று கேள்.

உன்,
ராஜேந்திரன்