வருஷத்தை முதலில் முடிவு செய்

அன்புள்ள கயல்,

விக்டோரியா ராணி காலத்து லண்டனில் ஒரு கொலைக் கதை எழுதப் போவதாகச் சொன்னாயே. அந்த ஆட்சி 1837 முதல் 1901 வரை நீண்டது கண்ணு. அதில் எந்த வருஷம் என்பதை முதலில் முடிவு செய். கொலை செய்யும் வழியும் மாட்டிக்கொள்ளும் வழியும் அதைப் பொறுத்தே மாறும்.

ஆர்செனிக் என்கிற வெள்ளைப் பாஷாணத்தையே எடுத்துக்கொள். எலிக்கு என்று சொல்லி மலிவாக வாங்கலாம். ருசி தெரியாது. வாந்தியும் பேதியும் காலராவைப் போலவே இருப்பதால் வைத்தியரும் ஏமாறுவார். ஆனால் 1836-ல் மார்ஷ் சோதனை வந்தது. பிணத்தின் வயிற்றில் மிஞ்சிய துளிகூடக் கண்ணாடியில் கறுப்பாகப் படிந்து காட்டிக்கொடுத்தது. 1851 சட்டத்துக்குப் பிறகு கடைக்காரர் வாங்குபவரின் பெயர், அளவு, காரணம் எல்லாம் பதிந்து கையெழுத்து வாங்க வேண்டும். முன்பின் தெரியாதவர் என்றால் சாட்சியும் வேண்டும். சில்லறை விற்பனையில் ஒரு பவுண்டுக்கு ஒரு அவுன்ஸ் புகைக்கரியோ அரை அவுன்ஸ் அவுரி நீலமோ கலந்தாக வேண்டும். 1855-ல் உன் வேலைக்காரி கடையில் வாங்கிய பாஷாணத்தைக் கஞ்சியில் போட்டால், கஞ்சி நிறம் மாறும். கலக்காத பொடி அவளுக்கு எப்படிக் கிடைத்தது என்பதே ஓர் அத்தியாயத்துக்குப் போதும்.

1864-ல் ரயில் பெட்டிக்குள் பிரிக்ஸ் என்ற வங்கிக்காரர் தாக்கப்பட்டு இறந்தார். பெட்டிக்குப் பெட்டி போக வழியில்லை, உதவிக்குக் கூப்பிடவும் வழியில்லை. தன் தொப்பியைப் பெட்டியில் விட்டு பிரிக்ஸின் தொப்பியை எடுத்துப் போனதால் முல்லர் என்ற தையல்காரர் சிக்கினார். அவர் பாய்க்கப்பலில் நியூயார்க்குக்குக் கிளம்பிவிட்டார். துப்பறிவாளர் டானர் நீராவிக் கப்பலில் போய் அவருக்கு முன்பே இறங்கிக் காத்திருந்தார். என்ன அருமையான துரத்தல்! இரண்டு வருஷம் தள்ளி வைத்தால் இது நிற்காது. 1866-ல் அட்லாண்டிக் தந்தி நிலைத்துவிட்டது, ஒரு செய்தி அனுப்பினால் போதும்.

நீதிமன்றக் காட்சியில்தான் பலரும் சறுக்குகிறார்கள். கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் சத்தியம் செய்து தன் தரப்பைச் சொல்ல 1898 வரை அனுமதி கிடையாது. உன் நாயகியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்துவிடாதே. அவள் வாய்மூடி நிற்க, அவளைப் பற்றி மற்றவர்கள் பேசட்டும். அது இன்னும் கொடுமையாக இருக்கும்.

லண்டனின் பெரிய குற்றவியல் நீதிமன்றமான ஓல்ட் பெய்லியின் விசாரணைப் பதிவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நீ எடுக்கும் வருஷத்தில் பத்து வழக்காவது படி. அடகுக்கடைக்காரரும் வேலைக்காரியும் பேசுகிற பேச்சைத் தனி நோட்டில் எழுதிக்கொள்.

முதல் அத்தியாயத்தை அனுப்பும்போது, அந்தப் பொடி எங்கே கிடைத்தது என்று ஓரத்தில் குறித்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா