பள்ளி உணவும் சிறு உழவரும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உலகில் 2024ஆம் ஆண்டில் ஏறத்தாழ 67 கோடிப் பேர் பசியால் வாடியதாக ஐ.நா. அமைப்புகள் மதிப்பிட்டுள்ள நிலையில், பிரேசில் 2025இல் பசி மிகுந்த நாடுகளைக் காட்டும் ஐ.நா. பசி வரைபடத்திலிருந்து மீண்டும் வெளியேறியிருப்பது கவனத்துக்குரியது. பள்ளி உணவுக்கெனப் பிரேசில் மத்திய அரசு தரும் நிதியில் குறைந்தது 30 விழுக்காட்டைக் குடும்ப வேளாண்மை செய்வோரிடம் நேரடிக் கொள்முதலுக்குச் செலவிட வேண்டும் என்று அந்நாடு 2009இலேயே சட்டம் இயற்றியது. பசி குறைந்ததற்கு இது ஒன்றே காரணமன்று. ஏழைக் குடும்பங்களுக்கான வருமான உதவிக்கும் பெரும்பங்கு உண்டு. ஆயினும், விதைக்கும்போதே விற்பனைக்கு உறுதி கிடைப்பது சிறு உழவருக்குச் சாதாரண விஷயமா?

காமராசர் காலத்திலேயே மதிய உணவுத் திட்டத்தைக் கண்ட தமிழர்களுக்கு இதன் அருமை எளிதில் விளங்கும். தில்லியிலோ, யமுனைக் கரையிலும் அண்டை அரியானாவிலும் காய்கறி விளைவிப்போர் ஆசாத்பூர் மொத்தச் சந்தையின் அன்றைய விலையை எதிர்பார்த்திருக்க, அரசுப் பள்ளிகளுக்கான உணவு பெரிய பொதுச் சமையற்கூடங்களிலிருந்து வருகிறது. அக்கூடங்களுக்கான ஒப்பந்தங்களில், உழவர்களே கூடி நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களிடம் ஒரு பங்கை வாங்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தில்லி அரசு சேர்க்க வேண்டும். பணமும் தாமதமின்றி வழங்கப்பட வேண்டும். இல்லையேல் உழவர்கள் இடைத்தரகரிடமே திரும்பிச் செல்வார்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
புது தில்லி.