பேரனின் பள்ளிக்கூடம் பேசும் இங்கிலீஷ்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. போனில் பேசினால் பாதியிலேயே உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, அதனால் சொல்ல நினைத்ததை எழுதியே அனுப்புகிறேன், ரயிலில் போகும்போது நிதானமாகப் படி.

போன வாரம் குட்டிக்கு லேசாகக் காய்ச்சல் என்று நர்சரிக்கு போன் போட்டு அவன் "சிக்" என்றாயே, அவர்கள் உடனே 48 மணி நேரம் அனுப்ப வேண்டாம் என்றதும் பதறிப்போய் லீவு எடுத்தாயே, அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அங்கே இங்கிலாந்தில் குழந்தை சிக் என்றால் வாந்தி எடுத்தான் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். வாந்தியோ பேதியோ வந்தால் அது நின்று 48 மணி நேரம் ஆன பிறகுதான் வரச் சொல்வார்கள். வெறும் காய்ச்சல் என்றால் விட்டதும் அனுப்பலாம். அடுத்த முறை ஃபீவர் என்றே சொல்லிவிடு. இதற்குப் போய் எனக்கு இங்கிலீஷே வராது போலிருக்கிறது என்று அழுகிறாய். உனக்கா வராது? நீ படித்தது நம் ஊர் இங்கிலீஷ், அதில் ஒரு குறையும் கிடையாது, ஆனால் பள்ளிக்கூடம் என்று வந்துவிட்டால் அதே சொல்லை அவர்கள் வேறொன்றுக்கு வைத்திருக்கிறார்கள். தெரிந்த சொல்தானே என்று கேட்காமல் விடாதே, இங்கிலீஷ் டீச்சராகவே காலத்தைக் கழித்தவள் சொல்கிறேன்.

நீ அனுப்பிய கவுன்சில் (நம் நகராட்சி மாதிரி) இணையப் பக்கத்தை முழுக்கப் படித்தேன். அதில் ரிசப்ஷன் என்று வருவது வாசலில் ஆள் உட்கார்ந்திருக்கும் மேஜை இல்லை, நம் யு.கே.ஜி. மாதிரி ஒரு வகுப்பு. ஆகஸ்ட் 31-க்குள் 4 வயது முடிந்த பிள்ளைகள் அந்த செப்டம்பரில் அதில் சேருவார்கள். நம் குட்டி மே மாதத்துப் பிள்ளை, அதனால் வகுப்பிலேயே சின்னவர்களில் ஒருவனாக இருப்பான். செப்டம்பரில் பிறந்தவனோடு ஒப்பிட்டு மனசைக் குழப்பிக்கொள்ளாதே. அதற்கு மேல் ஸ்டாண்டர்டு கிடையாது, இயர் ஒன்றிலிருந்து இயர் 13 வரை. 16 வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. நம் பத்தாம் வகுப்புப் பரீட்சை போல, ஆனால் கிரேடு 9-லிருந்து 1 வரை, 9தான் உசத்தி. அப்புறம் கடைசி இரண்டு வருஷம் சிக்ஸ்த் ஃபார்ம், அதைக் காலேஜ் என்றும் சொல்வதுண்டு. ஆபீஸில் ஒருவர் 16 வயது மகன் காலேஜில் படிக்கிறான் என்றால் அசந்து போகாதே, அது நம் பிளஸ் ஒன், பிளஸ் டூ மாதிரி. பட்டப்படிப்பு என்றால் யூனிவர்சிட்டி என்று சொல்லு. நான் இந்தக் காலேஜில் பாஸ் அவுட் ஆனேன் என்று மட்டும் சொல்லிவிடாதே, மயங்கி விழுந்தேன் என்றுதான் அவர்கள் காதில் விழும்.

பப்ளிக் ஸ்கூல் என்ற பேரைப் பார்த்து கவர்மென்ட் பள்ளி என்று மாப்பிள்ளை நினைத்தாராம். அங்கே அந்தப் பேர் 1440-ல் தொடங்கிய ஈட்டன் மாதிரி பழைய, ஃபீஸ் வாங்கும் தனியார் பள்ளிகளுக்கு. பணம் கட்டாமல் படிக்கும் பள்ளி ஸ்டேட் ஸ்கூல். நாம் போடப்போவது அதற்குத்தான், அதில் தயக்கமே வேண்டாம். ஸ்கூல் டின்னர் என்றால் மத்தியானச் சாப்பாடு. ஸ்டேட் ஸ்கூலில் ரிசப்ஷன், இயர் 1, இயர் 2 பிள்ளைகளுக்கு எல்லாம் 2014-லிருந்து அது இலவசம். சைவம் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லி வை.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஃபோனிக்ஸ். இப்போது வீட்டில் ஏ, பி, சி என்று எழுத்தின் பேரைச் சொல்லிக் கொடுக்கிறாய் இல்லையா, அங்கே முதலில் ஒலியைத்தான் சொல்லித் தருவார்கள்: ஸ், ஆ, ட் என்று தனித்தனியாகச் சொல்லி, சேர்த்து "ஸாட்" (sat) என்று படிக்க வைப்பார்கள். நம் ஊரில் எழுத்துக்கூட்டிப் படிப்பதேதான். இயர் ஒன்று முடியும்போது 40 சொற்களைப் படிக்கச் சொல்லி ஒரு சோதனை உண்டு, அதில் பாதி அர்த்தமே இல்லாத சொற்கள், பக்கத்தில் ஒரு வேற்றுக்கிரகப் பிராணியின் படமும் போட்டிருக்கும். மனப்பாடத்தில் தப்பிக்க முடியாது, ஒலி தெரிந்தால்தான் வாய்க்கு வரும். எவ்வளவு நல்ல யோசனை! இது என்ன சொல் என்று அகராதியைப் புரட்டிக்கொண்டு உட்காராதே.

பேரண்ட்ஸ் ஈவினிங் என்றால் பெற்றோர் டீச்சரைப் பார்த்துப் பேசும் நாள், அதில் பத்து நிமிஷம்கூடத் தரமாட்டார்கள், காதைத் தீட்டிக்கொண்டு போ. பிள்ளை "எக்ஸ்பெக்டட்" நிலையில் இருக்கிறான் என்றால் அது நல்ல செய்தி. சுமார்தான் போலிருக்கிறது என்று முகம் வாடி வீட்டுக்கு வராதே. "வொர்க்கிங் டுவர்ட்ஸ்" என்று பக்குவமாகச் சொன்னால் இன்னும் எட்டவில்லை என்று பொருள். வீட்டில் நான் என்ன செய்யணும் என்று அங்கேயே கேள்.

லீவு விஷயம் சொல்ல எனக்கே மனசு வரவில்லை. 5 வயது முடிந்து அடுத்த டேர்ம் தொடங்கிவிட்டால் நினைத்தபோது ஊருக்குக் கூட்டி வர முடியாது. டேர்ம் நடுவில் கேட்காமல் ஐந்து நாள் நிறுத்தினாலே அபராதம் வரலாம், தாய்க்குத் தனி, தகப்பனுக்குத் தனி, ஆளுக்கு 80 பவுண்டு, 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. அதனால் பொங்கலுக்கு வரணும் என்று இனி நாங்கள் கேட்க மாட்டோம். கோடை விடுமுறை ஆறு வாரம் இருக்கிறதே, ஜூலைக் கடைசியில் கிளம்பினால் ஆடிப்பெருக்குக்கு இங்கே இருப்பீர்கள்.

பள்ளியில் சேரும்போது தரும் படிவத்தில் பிள்ளையின் முதல் மொழி எது என்று கேட்பார்கள். தமிழ் என்று எழுது. இங்கிலீஷ் என்று எழுதினால்தான் மதிப்பு என்று யாராவது சொன்னால் கேட்காதே. ஈ.ஏ.எல். என்று அவன் பேருக்குப் பக்கத்தில் குறிப்பார்கள், வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளை, இங்கிலீஷ் அதற்கு மேல் கற்கும் மொழி என்று அதற்கு அர்த்தம், மந்தமான பிள்ளை என்று இல்லை. வீட்டில் நீயும் மாப்பிள்ளையும் தமிழிலேயே பேசுங்கள், பள்ளி இங்கிலீஷைப் பள்ளி பார்த்துக்கொள்ளும். என்னோடு போனில் பேச அவனுக்கு வார்த்தை வேண்டாமா?

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஜனவரி 15, கவுன்சிலுக்குத்தான் போட வேண்டும், பள்ளிக்கு இல்லை. ஏப்ரல் 16 அன்று எந்தப் பள்ளி என்று சொல்வார்கள். விருப்பப் பட்டியலில் ஒரே பள்ளியை எழுதிவிட்டு உட்காராதே, தூரத்தைப் பார்த்து மற்றவற்றையும் போடு. கிறிஸ்துமஸ் லீவுக்கு முன்பே முடித்துவிட்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்லு.

அன்புடன்,
அம்மா